ரிட்ஜ் காட்டின் ஒற்றைக்கால்

வாருங்கள் கண்ணுகளா, கிட்டே வந்து உட்காருங்கள். அந்தக் கூலரைக் கொஞ்சம் குறையுங்கள், சத்தத்தில் கதை காதில் விழாது. பயமாக இருந்தால் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், ஒன்றும் வெட்கமில்லை. ஒரு மகா அறிவாளியின் கதையைச் சொல்லப்போகிறேன். அறிவாளி என்று அவனைச் சொன்னது வேறு யாருமில்லை, அவனேதான்.

பெயர் சந்திரமௌலி. தில்லி கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் பையன். தொண்ணூற்றெட்டுக் கோடையில் விலங்கியல் இரண்டாம் வருஷம் முடித்திருந்தான். ஊருக்கு நடுவே இருக்கிற ரிட்ஜ் காட்டில் என்னென்ன பிராணிகள் மிச்சமிருக்கின்றன என்று பார்க்கும் ஆராய்ச்சிக்கு, அவனையும் கூடப் படித்த வைதேஹியையும் பேராசிரியை போட்டிருந்தார். நன்றாக வேலை செய்கிற ஒருவருக்குப் பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகச் சிபாரிசு. ஒருவருக்குத்தான்.

வேலை இதுதான். சாயங்காலம் ஒற்றையடிப் பாதையில் சலித்த மண்ணைப் பரப்பிப் பலகையால் வழித்துவிட வேண்டும். விடிந்ததும் போய் எந்தப் பிராணியின் கால் பதிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கீரி, நரி, எப்போதாவது முள்ளம்பன்றி. கீரித் தடத்துக்கே வைதேஹி முகம் மலர்ந்துவிடுவாள்.

"இதுக்குப் போய் இப்படிப் பல்லைக் காட்டறியே! கீரியைக் காட்டினா பெங்களூர்ல ஆரத்தி எடுப்பாளா?" என்பான் மௌலி.

அவனுக்குக் காடும் இளப்பம், கூட இருந்தவளும் இளப்பம். பொறுமைதான் இல்லையே தவிர, மூளை கோணலாக நன்றாகவே ஓடியது. கல்லூரி மியூசியத்திலிருந்து ஒரு பிளாஸ்டர் அச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். கழுதைப்புலியின் வலது முன்னங்கால். அந்தக் காட்டில் கழுதைப்புலியை யாரும் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. ஒருநாள் விடியலில், வைதேஹி வருமுன்பே, மண்ணில் அந்த அச்சை வரிசையாக அழுத்திவைத்தான்.

காட்டுக்கே காது குத்தப் பார்த்தான், பாவி.

வைதேஹி குனிந்து பார்த்தாள். "மௌலி, எல்லாமே வலது முன்னங்காலா இருக்கே. ஒத்தைக் கால்ல நொண்டி அடிச்சுண்டு வந்துதாக்கும்?"

"ஓஹோ! மேடம் கண்டுபிடிச்சுட்டாங்க. மத்த கால் சரியா பதியலை. கீரி பார்த்த கண்ணுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போறது?"

மௌலி எடுத்த போட்டோவைப் பார்த்த பேராசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. துறைக் கூட்டத்தில் வந்து பேசு என்றார்.

மறுநாள் விடியலில் இன்னும் நாலு தடம் வைக்கலாமென்று மௌலி போனான்.

தடங்கள் முன்னமே இருந்தன.

அதே கால். அச்சின் குதிகாலில் இருந்த கீறல்கூட அப்படியே. ஆனால் ஆழம்? ஒரு மாட்டைச் சுமந்தாற்போல ஆழம். மண் பரப்பாத இடத்திலும், பாறைப் புழுதியிலும் அவை போய்க்கொண்டே இருந்தன. காட்டுக்குள் போகவில்லை. ஊர்ப்பக்கம்.

காற்று அசையவில்லை. ஊறிப்போன எலும்பின் நாற்றம் மட்டும் வந்தது.

அப்போதாவது புத்தி வந்ததா? வைதேஹி வந்ததும் அவள்மேல் பாய்ந்தான். "பொறாமை! என் அச்சை எடுத்து நீதானே வெச்சே?"

"எந்த அச்சு?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான் அறிவாளி. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "நான் காட்டிக் கொடுக்க மாட்டேன். நீயே மேடம்கிட்டே சொல்லிடு, மௌலி."

அவன் அச்சைப் பாறையில் அடித்துச் சுக்குநூறாக்கினான். தொலைந்தது சனியன் என்று வீடு வந்தான்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ஆந்தி அடித்தது. தில்லிப் புழுதிக்காற்று உங்களுக்குத் தெரியாததா! வானம் செங்கல் நிறமாகி, பட்டப்பகலில் இருட்டிக் கரண்டும் போயிற்று. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். மேஜைமுன் மௌலி தனியாக உட்கார்ந்திருந்தான்.

தொப்.

கதவு பக்கம். காற்றில் ஏதோ விழுந்திருக்கும்.

தொப்.

நிதானமாக. ஒற்றையாக.

தொப்.

பிடரியில் ஈரமான மூச்சு பட்டது. அவன் திரும்பவில்லை. திரும்பக் கழுத்து வரவில்லை.

வெளிச்சம் வந்தபோது தரையெங்கும் மாவு தூவினாற்போலப் புழுதி. வாசலிலிருந்து நாற்காலியின் முதுகுவரை வலது முன்னங்கால் தடங்கள். திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

"ஏண்டா, தெருநாயை உள்ளே விட்டியா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா துடைப்பத்தை எடுத்தாள்.

மறுநாள் கூட்டம். பேராசிரியை கேட்டார், சந்தேகம் ஏதுமில்லையே என்று. கடைசி வரிசையிலிருந்து வைதேஹி அவனையே பார்த்திருந்தாள். 'பொய், மேடம்' என்று இரண்டே வார்த்தை. அவன் நாக்கு நுனிவரை வந்தது. பெங்களூர் நினைவும் வந்தது.

"நோ டவுட், மேடம். நான் கண்ணாலயே பார்த்தேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். பெங்களூர் அவனுக்குத்தான் என்று பேராசிரியை அங்கேயே சொல்லிவிட்டார். நேற்றிலிருந்து பிடரியில் பட்டுக்கொண்டே இருந்த மூச்சு சட்டென்று நின்றது. பயம் விட்டது என்று நினைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வெளியே நடந்தான். நேற்றைய புழுதியைத் தாழ்வாரத்தில் இன்னும் யாரும் பெருக்கவில்லை.

பின்னால் வந்த வைதேஹி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"மௌலி," என்றாள். "நீ நடந்து வந்த வழியைப் பாரு."

பார்த்தான்.

செருப்புத் தடம் ஒன்றுகூட இல்லை.

கால் வைத்த இடத்திலெல்லாம் அதே வலது முன்னங்கால். குதிகாலில் அதே கீறல்.

இடது காலைத் தூக்கிப் பார்த்தான். மனிதக் கால்தான், பாட்டா செருப்புதான். மெதுவாகக் கீழே வைத்து எடுத்தான்.

வலது முன்னங்கால்.

ஆசைப்பட்ட பெங்களூருக்குப் போனான். அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள், அவன் ஈர மண்ணில் இறங்கவே மாட்டானாம். மழை பெய்தால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டில்மேல் ஏறி உட்கார்ந்துவிடுவானாம். அப்படி அவன் உட்கார்ந்திருந்த ஒரு மழைநாளில், வெளியே சேற்றில் புதுத் தடங்கள் விழுந்துகொண்டிருந்தனவாம், அவன் கால் படாமலே, ஒற்றையாக, நிதானமாக, அடுத்த ஆளைத் தேடுவதுபோலப் பக்கத்து அறை வாசலைப் பார்த்து.

போதும், எழுந்திருங்கள் கண்ணுகளா. நீங்கள் பொறுமையாகத் தேடியதே உங்களுக்குக் கிடைக்கட்டும். உங்கள் வீட்டு வாசலில் உங்கள் மனிதர்களின் கால் மட்டுமே பதியட்டும். வெளியே போன கால்களெல்லாம் பத்திரமாக வீடு திரும்பட்டும்.