சாம்பிராணிக்கு வந்த தீயணைப்பு வண்டி

அந்த வெள்ளிக்கிழமை வவுனியாவில் மழை ஒரே ஒரு கடைக்குள் மட்டும் பெய்தது.

கச்சு முகம்மதுவின் புடவைக்கடை. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மகள் றிஸ்பா வழக்கம்போலச் சாம்பிராணி போட்டாள்... முகட்டில் பூட்டியிருந்த சென்சர் புகையை மோப்பம் பிடித்து, கம்பி வழியே கட்டுப்பாட்டு அறைக்குக் கோள் சொன்னது. தெருமுனைக் கமராவும் அதற்குச் சாட்சி சொன்னது. நான்கே நிமிடத்தில் தீயணைப்பு வண்டி வந்து, கடை முழுக்கத் தண்ணீர் அடித்துவிட்டது. "நெருப்பு நினைக்கமுன்னமே நாங்கள் நிற்போம்" என்று நகரத் தீக்காவல் திட்டப் பணிப்பாளர் இளையதம்பி திறப்பு விழாவில் முக்கால் மணிநேரம் முழங்கியது வீண்போகவில்லை. நெருப்புத்தான் வரவில்லை.

நனைந்த முக்காடும் கையில் சாம்பிராணிச் சட்டியுமாக நின்றாள் றிஸ்பா. இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது... அந்தச் சென்சரைப் பூட்டிய திட்டப் பணியாள் ஸஜாத் ஓடிவந்தவன், அந்தத் துளியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான்.

"நெருப்பைக் கண்டீங்களோ?" என்று கேட்டாள் றிஸ்பா.

"இல்ல..."

"அப்ப என்னத்தை அணைச்சனீங்கள்?"

"மிஷின் பிழை விடாது. புகை எண்டாப் புகைதான்."

"நல்லது. அப்ப அந்த மிஷினையே வந்து இந்தச் சீலையளைப் பிழியச் சொல்லுங்கோ."

வாய்க்கு வாய் மிஷின்... ஆனால் கதைக்கிற நேரம் இவனுக்கு ஏன் காது சிவக்கிறது?

திங்கட்கிழமை இளையதம்பி ஸஜாத்திடம் ஒரு படிவத்தை நீட்டினார்.

"கடைக்காரரின் கவனக்குறைவு எண்டு எழுதும் தம்பி. ரெண்டு கிழமை கடையைப் பூட்டுவம். திட்டத்தில பிழை எண்டு வரக்கூடாது. உம்மட நிரந்தர நியமனமும் என்ர மேசையிலதான் கிடக்கு."

பெருநாளுக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. ஸஜாத் பேனாவை மூடினான், திறந்தான், மூடினான்...

பின்னேரம், சண்டைக்கென்றே றிஸ்பா கட்டுப்பாட்டு அறைக்கு வந்தாள்.

"வாப்பாட கடையைப் பூட்டப்போறீங்களாம்?"

அவன் தான் எழுதிக்கொடுத்த படிவத்தின் பிரதியை நீட்டினான். அவள் வாசித்தாள்: 'கடைக்காரர்மேல் குற்றமில்லை. எங்கே, எந்நேரம் சாம்பிராணி போடுவார்கள் என்று கேட்டுத்தான் சென்சர் பூட்டவேண்டும். நான் கேட்கவில்லை. தவறு என்னுடையது.'

"அப்ப உங்கட வேலை?"

"அடுத்த வருசம் பாப்பமாம்."

அவள் குரல் இறங்கியது. "மற்றக் கடையளில எல்லாம் கேட்டனீங்கள்தானே. சிவராசா அண்ணன்ர கடையில கற்பூரத் தட்டுக்கு விலத்திப் பூட்டினதை நானே பாத்தனான். எங்கட கடையில மட்டும் என்ன வந்தது?"

ஸஜாத் தரையைப் பார்த்தான்.

"கேக்கத்தான் வந்தனான்... நீங்கள் நிமிந்து பாத்தீங்கள். கேள்வி மறந்துபோச்சு. பிறகு எந்த இடத்தில பூட்டினன் எண்டுகூட எனக்குத் தெரியாது. அந்த நாளில இருந்து... இப்பவும் எனக்கு அப்பிடித்தான்."

றிஸ்பா படிவத்தை நான்காக மடித்தாள். திருப்பிக் கொடுக்கவில்லை.

"நேரத்துக்குக் கேக்காமல் விட்டதாலதான் இவ்வளவும்," என்றாள் மெல்ல. "இனியாவது பிந்தாமல்... வாப்பாட்டை வந்து கேளுங்கோ."