நகராத புள்ளி

தொலைநோக்கியை நகர்த்தியும் அந்தப் புள்ளி நகரவில்லை.

பக்கத்து விண்மீன் மண்டலத்தின் ஓரத்தில் நேற்றுவரை இல்லாத வெளிச்சம் அது. வெடித்த நட்சத்திரமாக இருக்கக்கூடாதா என்று யோலாண்டா ஏங்கினாள். இந்த மாதத்தோடு தொலைநோக்கியை மூடப்போகிறார்கள். ஒரு சூப்பர்நோவா கிடைத்தால் பிழைக்கும். ஆனால் வானத்தில் இருப்பது மற்ற நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர வேண்டும். நகராதது கேமராக் கோளாறு. தென்னாப்பிரிக்காவின் இந்தக் காரூ வறள்வெளியில் வானம் பார்க்கிற யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

சரிபார்க்கத் தொலைநோக்கிக் குழாயின் வாயை மூடி ஒரு படம் எடுக்க வேண்டும். மூடி பனியில் இறுகிக் கிடந்ததால், தான் திரையறையில் இருந்துகொண்டு கணவன் டாவியைத் தொலைநோக்கிக் கோபுரத்துக்கு அனுப்பினாள்.

"உன் நட்சத்திரத்துக்கு என் விரல காவு குடுக்கணுமா?" வாக்கி டாக்கியில் அவன் சிரித்தான். "மூடியாச்சு. ரூய்போஸ் டீ போட்டு வையி, கண்ணு."

கூரைத் தகரத்தைக் காற்று பிறாண்டிக்கொண்டிருக்க, மண்ணெண்ணெய் அடுப்பின் நெடி அறையெங்கும் கமற, திரையில் படம் வரி வரியாக இறங்கியது. முழு இருட்டாக இருக்க வேண்டிய படம். புள்ளி இருந்தது. அருகிலேயே இன்னொன்று.

"எங்கேயோ வெளிச்சம் கசியுது, டாவி. குழாயோட பக்கக் கதவத் திறந்து உள்ள தலைய விட்டுப் பாரு. டார்ச்ச அணைச்சுடு."

"கசியுதா? கும்மிருட்டா இருக்கு." குழாய்க்குள் அவன் குரல் எதிரொலித்தது. "யோலி, வெளிய இந்தக் குளிரு. உள்ள மட்டும் எப்படி வெதுவெதுன்னு இருக்கு?"

அடுத்த படம் இறங்கியது. இரண்டு புள்ளிகளும் பெரிதாகியிருந்தன. அவள் வாக்கி டாக்கியைப் பறித்தெடுத்தாள்.

"வெளிய வா! நட்சத்திரமும் வேணாம் ஒண்ணும் வேணாம். வந்துடு, டாவி!"

இரைச்சல்.

"டாவி, உன் கால்ல விழறேன். பேசு."

வாக்கி டாக்கியில் பக்கக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. உள்ளிருந்து. தாழ் விழுந்தது. நான்தானே தலையை விடச் சொன்னேன், நான்தானே, என்று அவள் வாய்விட்டு அழுதாள். எழுந்தாள். டார்ச்சை எடுத்தாள்.

படம் இறங்கியது. மேல் பாதி இருட்டு. பிறகு பெரிய புள்ளிகள் இரண்டு.

அவற்றுக்குக் கீழே சின்னதாய் இரண்டு.

சின்னவற்றில் ஒன்று சற்றே விலகிப் பார்த்தது. டாவிக்கு மாறுகண்.