நகலுக்கு முன்னால் மூன்று வருடங்கள்

பழைய வீடுதான், ஆனால் பயமுறுத்துகிற வீடு இல்லை. மாடிப்படியில் மெழுகு வாசனை, ஜன்னலில் மத்தியான வெயில், எங்கோ ஒரு குழாய் சொட்டும் சத்தம். ஓவியக்காரி தன் மரப்பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். பழம்பொருள் கடை அவளுடைய அண்ணனுடையது. படம் துடைக்க ஆள் வேண்டும் என்று அவன் இல்லாத நேரத்தில் கடைக்கு அழைப்பு வர, அவனிடம் சொல்லாமலே கிளம்பி வந்துவிட்டாள். அண்ணனுக்கு ஒரு அலைச்சல் மிச்சமாகட்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

"இதுதாம்மா எம் பொண்ணு," என்றாள் வீட்டுக்காரம்மா. "பத்தொம்பது வயசு. போய் எட்டு வருஷமாச்சு."

நீலக் கோட்டு போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் சுவரிலிருந்த படத்திலிருந்து நேராகப் பார்த்தாள். அந்த முகம் ஓவியக்காரிக்கு அத்துப்படி. மூன்று வருடங்களுக்கு முன் சட்டம் மாற்ற இந்தப் படம் கடைக்கு வந்தது. "சொந்தக்காரங்களுக்கு ஒரு நகல் வேணுமாம், பாப்பா" என்று அண்ணன் சொல்ல, பத்து நாள் உட்கார்ந்து வரைந்து கொடுத்தாள்.

"அழுக்கு போனாலாவது பேசுவாளான்னு பாக்கறேன்."

"யாருங்கம்மா?"

"அவதான்." வீட்டுக்காரம்மா குரலைத் தாழ்த்தினாள். கடைசி மாதங்களில் நோய் பெண்ணின் தொண்டையை அடைத்துவிட்டது. கட்டில் சட்டத்தைத் தட்டித்தான் பேச்சு. ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. செத்த பிறகும் படத்துக்குள்ளிருந்து தட்டினாளாம். மூன்று வருடமாகத்தான் ஒன்றுமில்லை.

"என்ன தப்பு பண்ணேன்னே தெரியலம்மா. தினமும் உக்காந்து மன்னிப்பு கேக்கறேன்."

தனிமை ஆளை என்ன பாடு படுத்துகிறது என்று ஓவியக்காரிக்கு மனசு கஷ்டமாக இருந்தது. பஞ்சுக் குச்சியை நாக்கில் நனைத்து ஓரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் பழைய வண்ணத்தை நோகாமல் துடைக்க எச்சிலை மிஞ்சிய மருந்து அவளுக்குத் தெரியாது.

கோட்டின் கடைசிப் பொத்தானில் பஞ்சு நீலமாகியது.

மேல்பூச்சு மட்டும் கரைந்து வந்தது. நான்கு துளைகள் இருந்த பொத்தானில் இப்போது இரண்டுதான். மற்ற இரண்டும் யாரோ பிறகு மேலே தீட்டிச் சேர்த்தவை.

பஞ்சுக் குச்சியைக் கீழே வைத்தாள். எந்த நகலிலும் ஒரு பிழையை வேண்டுமென்றே விட்டுவைப்பது அவள் தொழில் கட்டுப்பாடு. நாளைக்கு யாரும் அதை அசல் என்று சொல்லி ஏமாற்றக் கூடாதே! இந்தப் பெண்ணுக்கு அவள் விட்டுவைத்த பிழை, இரண்டு துளைப் பொத்தான். அந்த ரகசியத்தை ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள்.

கை ஈரமாக இருந்ததால் தொலைபேசியை மேசையில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணா, நீலக் கோட்டுப் பொண்ணோட அசல் எங்க?"

"இப்ப எதுக்கு அது?"

"நான் அவங்க வீட்டுலதான் நிக்கிறேன்."

"அங்க எதுக்குப் போனே?" பிறகு பெருமூச்சு. "சரி, வித்தேன். மூணு பேர் வாங்கி, மூணு பேரும் திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க. இங்க பின் ரூம்ல சுவரைப் பாத்து நிக்குது. இதுல என்ன பாப்பா? அசல்னு நம்பினா அசல்தான். பெத்தவளுக்கே தெரியலையே!"

வளர்த்த அண்ணன். அவள் கையில் முதல் தூரிகையைக் கொடுத்தவன். அவள் கையை வைத்தே ஒரு தாயின் கண்ணைக் கட்டிவிட்டான்.

அப்போதுதான் தொலைபேசியில் அந்தச் சத்தம் கேட்டது.

டொக்.

"அங்க என்ன சத்தம்?"

"எலி. விடு."

வீட்டுக்காரம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"கண்ணு... நீயா?"

டொக்.

"அம்மாவே உன்னைக் கொடுத்துட்டேன்னு நினைச்சியா?"

டொக்.

"இல்லடி தங்கம். ஏமாந்துட்டேன். மூணு வருஷம் உன் முகத்துக்கு முன்னாடியே உக்காந்து ஏமாந்துட்டேன். அம்மா மேல கோவமா?"

குழாய்ச் சொட்டுகூட நின்றுவிட்டது போலிருந்தது.

டொக். டொக்.

வீட்டுக்காரம்மா வாய்விட்டு அழுதாள். மறுமுனையில் ஏதோ உருண்டு விழுந்தது.

"பாப்பா... அது திரும்பி நிக்குது. நான் தொடவே இல்ல. பாப்பா, படத்துல இவ நாற்காலி ஏன் காலியா..."

"அண்ணா? அண்ணா!"

இணைப்பு அறுபடவில்லை. திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

ஓவியக்காரி மெதுவாக ஓவியத்தை நிமிர்ந்து பார்த்தாள். பத்து நாள் பாடுபட்டு, பெற்ற தாயே நம்பும்படி அவள் வரைந்த முகம். அவள் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக எதையும் வரைந்ததில்லை.

"எனக்குத் தெரியாது," என்று கிசுகிசுத்தாள். "சத்தியமா தெரியாது. என் மேலயும் கோவமா?"

தொலைபேசி ஊமையாகவே கிடந்தது.

கேட்கும்போதே அவள் உள்ளங்கை ஓவியத்தின் மேல் பதிந்திருந்தது. ஓவியத் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சரியாக அந்தக் கையின் நடுவில், யாரோ தட்டினார்கள்.

ஒரே ஒரு தரம்.