தோளில் தங்கிவிட்ட கை

ஈரம் சொட்டும் ஒரு கை, கவுண்டர் கண்ணாடியின் மேல் வந்து அமர்ந்தது.

"இந்தக் கையை எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

எவாந்தியா நிமிர்ந்தாள். கிரேக்கத்தின் துறைமுகமான வோலோஸ் நகரத்தின் மொத்த மழையும் அந்த ஒருவன் தலையில்தான் பெய்திருக்கும் போல... முடி நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. அதற்குக் கீழே இரண்டு கண்கள். பச்சையுமில்லை, சாம்பலுமில்லை... மழை நாளில் துறைமுகத் தண்ணீருக்கு வருமே, அந்த நிறம். இடது புருவத்தின் நடுவில் முடியில்லாமல் ஒரு சின்ன இடைவெளி.

இந்தப் புருவத்தை அவளுக்குத் தெரியும். நெற்றியோரத்துச் சுருள்களைத் தெரியும், ஒவ்வொரு முடியாகத் தெரியும்...

"கேக்குறேன்ல? பாத்திருக்கீங்களா?"

"பா... பாத்திருக்கேன்."

"எங்க?"

அவள் கடையின் ஜன்னலைக் காட்டினாள். வெளியே பார்த்தபடி அங்கே நின்றிருந்தது அந்தப் பெரிய கல்யாணப் படம்.

"சரி. கை அங்க இருக்கு. ஆள் எங்க?"

எவாந்தியாவின் காதுகள் இரண்டும் சிவந்துவிட்டன. அவளுக்கு எப்போதும் அப்படித்தான். முகம் சமாளித்துவிடும், காது காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த ஸ்டுடியோவில் படம் எடுப்பவர் முதலாளி திராசோஸ். எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்துகிறவள் அவள். போன மாதக் கல்யாணம் அது. மணப்பெண் மரியலேனா போனில் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "குரூப் போட்டோல பின்னாடி ஆரஞ்சு சட்டை போட்டு ஒருத்தர் நிக்கிறார் பாருங்க... அவரை எடுத்துடுங்களேன். தூரத்துச் சொந்தம்தான்."

ஆரஞ்சு சட்டை என்றால் படகுத்துறைக்காரர்கள் போடுவது, நெஞ்சில் பளபளக்கும் பட்டை வைத்தது. கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே அந்த நிறம் பளிச்சென்று தனித்துத் தெரிந்ததால் வேலை சுலபமாகிவிட்டது. ஆளைத் தேர்ந்தெடு என்ற பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்தினாள். அவனைச் சுற்றிப் புள்ளிக்கோடு ஓடத் தொடங்கியது. காற்றில் கலைந்திருந்த முடியை மட்டும் பெரிதாக்கிப் பார்த்து, பிரஷால் ஓரம் ஓரமாகத் தடவி, ஒரு இழைகூடச் சுவரில் மிஞ்சாமல் எடுத்தாள். அப்புறம் அழித்தாள். அவன் நின்ற இடத்தைத் தேவாலயச் சுவரால் நிரப்பினாள். தன் வேலையை ரசித்துக்கொண்டே ஒரு சீஸ் பேஸ்ட்ரி சாப்பிட்டாள்.

மணப்பெண்ணின் தோள் பக்கம் மட்டும் அவள் பார்க்கவில்லை. வெள்ளை லேஸ் மேல் இருந்த அவன் கையை, மணப்பெண்ணுடையது என்று மிஷின் நினைத்துவிட்டது. ஆள் போய்விட்டான். மணிக்கட்டு வரை ஒரு கை மட்டும் தோளில் தங்கிவிட்டது.

யாரோ அதைப் போனில் படம் பிடித்துப் போட, ஊரே சிரித்தது. ஆட்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். "கூட்டம் வருதுல்ல... இருக்கட்டும் விடு" என்றுவிட்டார் திராசோஸ்.

"அது... மிஷின் பண்ணின தப்பு, சார்" என்றாள் எவாந்தியா.

"அப்படியா? மிஷினைக் கூப்பிடுங்க. நான் அதுகிட்டயே பேசிக்கிறேன்."

"முதலாளி ஒரு ஞானஸ்நானத்துக்குப் படம் எடுக்கப் போயிருக்கார்... வந்ததும் சொல்றேன்..."

"மிஷினைக் கேட்டா முதலாளிங்கிறீங்க. நாளைக்கு வந்து முதலாளியைக் கேட்டா மழைன்னு சொல்வீங்களா?"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சீ... சிரிக்கிற நேரமா இது? உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவனும் சிரித்தான், கொஞ்சமாக. ஆனால் கண் சிரிக்கவில்லை.

"என் பேர் அர்கிரிஸ். ஸ்கோபெலோஸ் தீவுக்குப் போற படகுல வேலை. துறைமுகத்துல இப்போ யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. 'ஏய் கை, கயித்தைப் பிடி'ங்கிறாங்க. அது பரவால்ல. நான் சண்டைக்கு வரலைங்க. மிச்சத்தையும் எடுத்துடுங்க, அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"எதை?"

"கையைத்தான். என்னைப் பாத்துச் சிரிச்சா நான் தாங்கிப்பேன். என் தங்கச்சியப் பாத்துச் சிரிக்கிறாங்க. 'உன் தோள்ல பேய் உக்காந்திருக்கே'ன்னு மார்க்கெட்ல கேக்குறாங்களாம். புதுசாக் கல்யாணம் ஆனவ..."

திட்டியிருந்தால்கூட எவாந்தியா தாங்கியிருப்பாள்.

"உக்காருங்க" என்றாள் மெல்ல. "இப்பவே பண்ணிடறேன்."

அவன் ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டான். கடலும் டீசலும் மழையும் கலந்த ஒரு வாசனை வந்தது. அவள் படத்தைத் திறந்து தோளைப் பெரிதாக்கினாள்... இன்னும் பெரிதாக்கினாள்...

"ஆபரேஷன் வலிக்குமா, டாக்டரம்மா?"

"பேசாம இருங்க. கை நடுங்குது."

"யார் கை? உங்களதா, என்னுதா?"

இந்த முறை காது மட்டுமில்லை, கழுத்தும் சிவந்தது.

இப்போது பொத்தானை நம்பவில்லை அவள். விரல் விரலாகத் தானே கோடு வரைந்தாள். கட்டைவிரல்... நகத்தோரத்துக் கறுப்பு... கயிறு அறுத்த பழைய தழும்பு... லேஸ் எங்கே அமுங்குகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துப் பார்த்து, தவறிச் சேர்ந்ததைக் கழித்து, விட்டதைச் சேர்த்துக்கொண்டே வந்தாள். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் மௌஸ் நின்றது.

"என்ன ஆச்சு?"

"இங்க ஒரு விரல் அதிகமா இருக்கு."

"எனக்கு அஞ்சுதாங்க. எண்ணிப் பாருங்க."

"இல்ல... இது உங்களது இல்ல. பாருங்க, மெல்லிசா இருக்கு. நகத்துல வெள்ளைப் பாலிஷ்..."

இருவரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள். லேஸின் மடிப்புக்குள் பாதி மறைந்திருந்த அந்த விரல் மணப்பெண்ணுடையது. யாருக்கும் தெரியாமல் தன் தோளுக்கு மேலே கையைக் கொண்டுபோய், அண்ணனின் சுண்டுவிரலை வளைத்துப் பிடித்திருக்கிறாள். ஜன்னலில் இருந்த பெரிய படத்தில்கூட அது லேஸின் பூவேலை போலத்தான் தெரிந்தது.

அர்கிரிஸ் திரையில் அந்த விரலைத் தொட்டுப் பார்த்தான்.

"சின்ன வயசுல ரோடு தாண்டும்போது இப்படித்தான் பிடிப்பா..." என்றான் பிறகு. "கல்யாணத்தன்னிக்குக் காத்து. படகு லேட்டு. சட்டை மாத்தக்கூட நேரமில்லாம ஓடினேன். அவளுக்கு அவமானமா இருந்திருக்கும்னு அப்பவே தெரியும். மிஷின் தானா ஒரு ஆளைத் தூக்குமா? யாரோ சொல்லித்தான் நடந்திருக்கு..." திரும்பி நேராக அவள் கண்ணைப் பார்த்தான். "என்னை யாருன்னு சொன்னா அவ?"

"ஒண்ணும் சொல்லல."

காதுகள் எரிந்தன. அவன் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, விடுங்க. நீங்க சொல்லுங்க. நான் அவ அண்ணன்னு உங்களுக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்தக் கண்கள்... அன்றைக்குத் திரையில் பெரிதாக்கியபோதே பார்த்தாளே. மணப்பெண் முகத்திலும் அதே கண், அதே உடைந்த புருவம்.

"தெரிஞ்சுது" என்றாள். "கண்ணு ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருந்துச்சு."

"தெரிஞ்சும் எடுத்தீங்க."

"ஆமா."

"அப்போ என்ன நெனச்சீங்க?"

"முடி சுத்தமா வந்திருக்குன்னு நெனச்சேன்..."

சொல்லி முடித்ததும் அந்த வார்த்தைகளின் அசிங்கம் அவளுக்கே கேட்டது. அர்கிரிஸ் எழுந்தான். கோபப்படவில்லை. சட்டையின் ஈரத்தைத் தட்டிவிட்டான்.

"கை அங்கயே இருக்கட்டும்ங்க. எடுக்க வேண்டாம்" என்றான். "நல்லாத்தான் எடுத்திருக்கீங்க முடியை."

கதவு திறந்தது. மழைச் சத்தம் உள்ளே வந்து, திரும்பிப் போய்விட்டது.

அன்றைக்கு அவளால் எதுவும் சாப்பிட முடியவில்லை. ஒரு வார்த்தை மன்னிப்புக்கூடக் கேட்கவில்லையே... என்ன பிறவி நான்?

முதலாளி வருவதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டாள். அசலை அப்படியே அச்சடிக்க முடியாது. அதில் சம்பந்தி கண்ணை மூடியிருந்தார், குழந்தை ஒன்று வாயைப் பிளந்து அழுதது. ஜன்னலில் இருந்தது பல படங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த படம். அசலிலிருந்து அவனை மட்டும் தூக்கி இதில் நிறுத்த வேண்டும். பொத்தானை அழுத்தியதும் மிஷின் அவனுக்குத் தொப்பி மாட்டியது போல முடியை வெட்டித் தந்தது. அதைத் தூக்கிப் போட்டாள். தானே வரைந்தாள். ஓரத்துச் சுருள்களை ஒவ்வொன்றாக, காற்று எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கமே விட்டாள். அழிக்க எடுத்துக்கொண்ட பொறுமையை விடச் சேர்க்க எவ்வளவு வேண்டியிருக்கிறது... ஆரஞ்சுச் சட்டையின் நிறம் தங்கையின் வெள்ளை முக்காட்டில் லேசாக விழுந்திருந்தது. முன்பு அதைக் கறை என்று வெளுத்திருந்தாள். இப்போது அதைத் திரும்பக் கொண்டுவந்தாள். சட்டையைக் கறுப்பாக்குவது ஒரு நொடி வேலை. தொடவில்லை.

பார்க்கப் பார்க்க வேறொன்றும் நடந்தது. அந்தக் கண்களைப் பார்த்தால் மூச்சு தடுமாறியது... தப்பு செய்தவளுக்கு இதெல்லாம் வரலாமா? வெட்கத்தோடு வெட்கம் சேர்ந்துகொண்டது. படத்தைப் பெரிதாக அச்சடித்து, ஜன்னலில் பழையதன் இடத்தில் மாட்டினாள்.

"யாரைக் கேட்டுடி மாத்தின?" என்று கத்தினார் திராசோஸ், வந்ததும்.

"யாரையும் கேக்கல, சார். எடுக்கச் சொன்னப்பவும் நான் யாரையும் கேக்கல."

மனிதர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, நேரா மாட்டு. கோணலா இருக்கு" என்று முனகிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலையிலேயே மரியலேனா வந்தாள், புயல் மாதிரி. "அந்தப் படத்தை முதல்ல இறக்குங்க! ஊர் முழுக்க..." ஜன்னலைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா? தூரத்துச் சொந்தம்னு நான் சொன்னதை?"

"இல்ல."

"கல்யாணத்தன்னிக்கு மாமியார் கேட்டாங்க, 'யாரும்மா அது, ரோடு போடறவனா?'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க." மரியலேனா முகத்தை மூடிக்கொண்டாள். "நானும் சிரிச்சேங்க. அண்ணன் பக்கத்துலதான் நின்னார்... நானும் சிரிச்சேன்."

எவாந்தியா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்லத் தனக்கு என்ன தகுதி?

"உங்களதை நீங்க போய்ச் சொல்லிடுங்க" என்றாள். "என்னுதை நான் சொல்லணும்."

மதியம் மழை விட்டிருந்தது. படகுத்துறையில் வண்டிகள் வரிசையாக நின்றன. படகின் அகன்ற வாயில் அர்கிரிஸ் நின்று, விசிலடித்து லாரிகளைப் பின்பக்கமாக உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தான். அதே ஆரஞ்சுச் சட்டை. அவளைப் பார்த்ததும் விசில் வாயிலேயே நின்றுவிட்டது.

"ஓரமா நில்லுங்க! லாரி வருது!"

அவள் நின்றாள். லாரி போனது. அவன் சரிவுப் பலகையில் இறங்கி வந்தான்.

"நேத்து ஒண்ணு கேக்க மறந்துட்டேன்" என்றாள் அவசரமாக, மனப்பாடம் செய்ததை மறப்பதற்குள். "மன்னிப்பு. தெரிஞ்சே பண்ணினேன். ஒரு மனுஷனை எடுக்கிறோம்னு தோணல. ராத்திரியெல்லாம் வெட்கமா இருந்துச்சு. மன்னிக்கணும்னு இல்ல... கேக்கணும்ல, அதான்."

அவன் விசிலைச் சட்டைப் பையில் போட்டான்.

"காலையில மரியலேனா வந்தா. அழுதா. நானும்தான். இஞ்சின் ரூம் ஆளுங்க எல்லாம் வேடிக்கை பாத்தாங்க." ஒரு சிரிப்பு, இந்த முறை கண்ணிலும். "ஜன்னலையும் பாத்தேன். என் தலைமுடி அவ்வளவு நல்லா இருக்குமா?"

"அப்படியேதான் இருக்கும். நான் ஒண்ணும் சேக்கல."

"சரிங்க, மன்னிச்சாச்சு. வேற எதுவும் சொல்லணுமா?"

இருக்கிறதே... தொண்டை வரைக்கும் இருக்கிறதே. "ஒண்ணுமில்ல" என்றாள்.

அவன் அவள் காதுகளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மேலிருந்து யாரோ அவன் பேரைச் சொல்லிக் கத்த, ஓடிப்போய் ஏறினான். சங்கு ஊதியது. சரிவுப் பலகை மெல்ல உயரத் தொடங்கியது.

போய்விடுவான். இவள் திரும்பிப் போய் யார் முடியையாவது செதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்... இத்தனை வெட்கப்பட்டாயிற்று, இன்னும் கொஞ்சம் பட்டால்தான் என்ன?

"அர்கிரிஸ்! எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு!"

அவன் பலகையின் விளிம்பில் வந்து நின்று, காதுக்குப் பின்னால் கையை வைத்தான். "என்ன? கேக்கல! இஞ்சின் சத்தம்!"

கரையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஐஸ் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர் உதவிக்கு வந்தார்: "சத்தமாச் சொல்லும்மா! மறுபடியும் சாயங்காலம்தான் வருவான்!"

முகம், காது, கழுத்து, எல்லாம் தீப்பிடித்தது. எவாந்தியா இரண்டு கைகளையும் வாயருகே குவித்தாள்.

"உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன்! ரொம்பப் பிடிச்சிருக்கு!"

துறைமுகமே கைதட்டியது. பலகைக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் அகன்றுகொண்டே போனது. அந்தப் பக்கத்திலிருந்து அவன் குரல் தெளிவாக வந்தது.

"மொதத் தடவையே கேட்டுச்சு! உன் வாயால இன்னொரு தடவ கேக்கணும்னு தோணுச்சு!"