ஒன்பது இருபத்திரண்டுக்கு மறைந்தவர்

டெலிபோன் அலறியது.

லிஸ்ட் அக்கா எடுக்கவில்லை.

மணி பதினொன்று நாற்பத்தேழு. இன்னும் பதிமூன்றே நிமிடம்! பன்னிரண்டு அடித்தால் பல்கலைக்கழகத்தின் இந்த வருட ஆராய்ச்சிப் பட்டியலை மூடிவிடுவாள்.

முப்பத்தாறு துறைகள். ஆயிரத்து முந்நூற்று ஆறு கட்டுரைகள். பாலம் ஏன் விரிசல் விடுகிறது, குழந்தை எந்த வயதில் பொய் சொல்லத் தொடங்குகிறது, பசு ஒரு நாளைக்கு எத்தனை ஏப்பம் விடுகிறது... எல்லாமே அவள் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். ஆராய்ச்சி அலுவலகத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வருட சர்வீஸ். அவளைவிட வயதில் மூத்த பேராசிரியர்கள்கூட அவளை 'லிஸ்ட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கெஞ்சும்போது மட்டும்!

டெலிபோன் மறுபடி அலறியது. எடுத்தாள்.

"பன்னெண்டு மணி. ஒரு நிமிஷம்கூடக் கூடுதலாத் தர மாட்டேன்."

"மேடம்... எறும்பு சார்..."

"எந்த சாரா இருந்தாலும் பன்னெண்டு மணிதான்."

"செத்துட்டார் மேடம்!"

பூச்சியியல் துறை அட்டெண்டரின் குரல். அவர் அதோடு நிறுத்தவில்லை.

"போலீஸ் வந்திருக்கு. உங்க தம்பியை உட்கார வெச்சு விசாரிக்கிறாங்க..."

*

பூச்சியியல் துறையின் இரண்டாவது மாடி.

நடைபாதையில் நின்றிருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

எறும்புப் பேராசிரியர் தன் மேஜை மீது கவிழ்ந்து கிடந்தார். பக்கத்தில் ஃபிளாஸ்க். பாதி குடித்த காபி. சுவரோரம் கண்ணாடிப் பெட்டிகளில் பத்தாயிரம் எறும்புகள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இன்ஸ்பெக்டர் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். துப்பாக்கிக்கு அஞ்சாத மனிதர். எறும்பென்றால் மட்டும் ஆகாது!

"நீங்கதான் லிஸ்ட் மேடமா? இந்த கேம்பஸ்ல விஷத்தைத் தொட்டு ஆராய்ச்சி பண்றவங்க யார் யாருன்னு சொல்லுங்க."

"எந்த விஷம் சார்?"

"ஏன், எத்தனை இருக்கு?"

லேப்டாப்பைத் திறந்தாள்.

"பாம்பு விஷம் ஏழு கட்டுரை. காளான் மூணு. பூச்சிமருந்து இருபத்திரண்டு. மீன் வயித்துல பாதரசம் அஞ்சு. சுவர் பெயின்ட்ல ஈயம் ரெண்டு. சரித்திரத் துறையில ஒருத்தர், ராஜாக்களுக்கு சாப்பாட்டுல என்னென்ன கலந்தாங்கன்னு..."

"போதும்! இங்கே படிக்க வர்றாங்களா, கொலை பண்ண வர்றாங்களா?"

"இலக்கியத் துறையும் இருக்கு சார். அவங்க யாரையும் கொல்ல மாட்டாங்க. உட்கார வெச்சுக் கவிதை படிப்பாங்க."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அவர் செல்போன் ஒலித்தது. கேட்டார். முகம் மாறியது.

"டாக்டர்தான். பூச்சிகளைக் கொல்ல ஜாடியில போடுவாங்களாமே, அந்த மருந்து. ஃபிளாஸ்க்ல கலந்திருக்கு. குடிச்ச அடுத்த நிமிஷமே ஆள் காலி."

"அது..."

"இந்த லேப் அலமாரியிலதான் இருக்கு. சாவி ரெண்டே ரெண்டு பேர்கிட்ட. ஒண்ணு துணைப் பேராசிரியர். இன்னொண்ணு..."

கண்ணால் மூலையைக் காட்டினார்.

மூலையில் ஸ்டூலில் அவள் தம்பி. எறும்பு சாரிடம் நாலு வருடமாக ஆராய்ச்சி மாணவன். அக்காவைப் பார்த்தான். உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

ஏன் குனிகிறான்?

சீ! என் தம்பியையே சந்தேகப்படுகிறேனே என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"காலையில காபி போட்டது யாரு?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நான்தான் சார். தினமும் நான்தான். ஒன்பது மணிக்கு ஃபிளாஸ்க்ல ஊத்தி வெச்சுட்டு லைப்ரரிக்குப் போயிட்டேன்."

"சார் ரூமுக்கு எப்ப வந்தார்?"

அட்டெண்டர் முந்திக்கொண்டார். "ஒன்பதே முக்கால் சார்! நான்தான் குட்மார்னிங் சொன்னேன். வழக்கம்போலப் பதில் சொல்லலை. உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை."

"அப்ப முக்கால் மணி நேரம் ஃபிளாஸ்க் தனியா இருந்திருக்கு." இன்ஸ்பெக்டர் தம்பி பக்கம் திரும்பினார். "நேத்து சாயங்காலம் சாரோட சண்டை போட்டியாமே?"

"பேசினேன் சார்..."

"கத்தினே. கீழ் மாடி வரைக்கும் கேட்டிருக்கு. எதுக்கு?"

தம்பி அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தான்.

லிஸ்ட் அக்காவுக்குத் தெரியும். எறும்புகள் தங்களில் செத்ததை எப்படிக் கண்டுபிடித்துத் தூக்கிப் போகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. நாலு வருட உழைப்பு. கட்டுரை முடிந்ததும் தம்பியின் பெயரை நீக்கிவிடப் போவதாக எறும்பு சார் மிரட்டிக்கொண்டே இருந்தார். இந்த வருடப் பட்டியலில் பெயர் வராவிட்டால் அவனுடைய ஆராய்ச்சி இடமே ரத்தாகிவிடும். நாலு வருடமும் பாழ்!

அந்த விதிக்கு அக்காவாலும் விலக்குத் தர முடியாது.

சட்டென்று அவளுக்குப் பொறி தட்டியது.

கட்டுரை வந்ததா?

விரல்கள் லேப்டாப்பில் பறந்தன. பூச்சியியல் துறை. இன்றைய தேதி.

வந்திருந்தது!

எறும்பு சார். துணைப் பேராசிரியர். மூன்றாவதாக... தம்பியின் பெயர்!

"சார்! இங்கே பாருங்க! என் தம்பி பேர் இருக்கு. யாரும் எடுக்கலை. அவனுக்கு எதுக்கு சார் கோபம் வரணும்?"

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். அவளும் பார்த்தாள்.

அப்போதுதான் அந்தக் கட்டம் அவள் கண்ணில் பட்டது.

எறும்பு சார் பெயருக்கு எதிரே ஒரு டிக். 'மறைந்தவர்'.

விரலை அதன் மேல் வைத்தாள்.

"சார்... கட்டுரையில பேர் இருக்கற ஒவ்வொருத்தரும் சம்மதம்னு டிக் பண்ணணும். செத்துப்போனவங்க எப்படிச் சம்மதம் தருவாங்க? அவங்களுக்கு மட்டும் மறைந்தவர்னு போட்டா போதும். விலக்கு உண்டு."

"சரி, இவர்தான் செத்துட்டாரே."

"இது எத்தனை மணிக்கு வந்ததுன்னு பாருங்க!"

காலை 9.22.

"ஒன்பது இருபத்திரண்டுக்கு மறைந்தவர்..." இன்ஸ்பெக்டர் மெல்ல விசில் அடித்தார். "ஒன்பதே முக்காலுக்குப் படியேறி வந்திருக்கார்!"

"அனுப்பினவன் யாரோ, அவன்தான் சார் கொலைகாரன். இவர் சாகப் போறார்னு அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு!"

"யார் அனுப்பினது?"

அவள் சொடுக்கினாள். பதில் வந்தது.

துணைப் பேராசிரியர்!

எறும்பு சாரின் நாற்காலி காலியானால் அடுத்து அதில் உட்காரப் போகிறவர். அலமாரிச் சாவி வைத்திருப்பவர். லிஸ்ட் அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தம்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை.

*

துணைப் பேராசிரியர் வந்தார். வியர்த்திருந்தார். இன்ஸ்பெக்டர் திரையைக் காட்டினார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இது நான் அனுப்பலையே."

"உங்க பாஸ்வேர்டு போட்டுத்தான் உள்ளே போயிருக்காங்க."

"இருக்கலாம் சார். அந்த பாஸ்வேர்டு என்னன்னு எனக்கே தெரியாது!"

"விளையாடறீங்களா?"

"சத்தியமா சார்! எந்தப் பேராசிரியர் தானே ஃபாரம் நிரப்பறார்? ஸ்டூடண்ட்தான் நிரப்புவான். நான் ஒரு ஃபாரத்தைத் தொட்டு அஞ்சு வருஷம் ஆச்சு. ஒன்பதிலிருந்து பத்து வரைக்கும் நான் கிளாஸ்ல இருந்தேன். அறுபது பேர் சாட்சி. பாதிப் பேர் தூங்கிட்டிருந்தாங்க. மீதி முப்பது பேர் போதாதா?"

லிஸ்ட் அக்காவின் சிரிப்பு உறைந்தது.

உண்மைதான். மூன்றில் இரண்டு பங்குப் பேராசிரியர்களுக்குத் தங்களுக்கென்று ஒரு பாஸ்வேர்டு இருப்பதே தெரியாது. பன்னிரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள். எப்படி மறந்தாள்?

தம்பியைக் காப்பாற்றும் வேகத்தில்!

"அப்ப உங்களுக்கு ஃபாரம் நிரப்பற ஸ்டூடண்ட் யாரு?" இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியது.

துணைப் பேராசிரியர் தம்பி பக்கம் கையைக் காட்டினார். செல்போனை எடுத்து நீட்டினார். எறும்பு சார் நேற்று இரவு அனுப்பிய மெசேஜ்.

'அந்தப் பையன் பேரை எடுத்தாச்சு. அவன் பேரோட எது வந்தாலும் நான் சம்மதம் தர மாட்டேன்.'

லிஸ்ட் அக்கா அதை இரண்டு தடவை படித்தாள்.

உயிரோடு இருக்கும் எறும்பு சார் சம்மதிக்க மாட்டார். ஃபாரம் அவரை விட்டுவிட்டு நகர வேண்டுமென்றால் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்தக் கட்டம்!

லிஸ்ட் அக்கா மெல்லத் திரும்பினாள்.

"டேய்..."

தம்பி இப்போது தலையைக் குனியவில்லை.

"நாலு வருஷம்க்கா. லட்சம் எறும்பை ஒவ்வொண்ணா எண்ணினது நான். சாவகாசமா ஒரு கோடு போட்டு என் பேரை அடிச்சார்."

"அதுக்காக?" அவள் குரல் உடைந்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "அவர் சாகற வரைக்கும்கூடவாடா உனக்குப் பொறுக்கலை?"

"எப்படிக்கா பொறுக்கறது? அவர் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்றவர். எப்ப கண்டுபிடிப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? பன்னெண்டு மணிக்கு மேல நீ வாங்க மாட்டியே!"

இன்ஸ்பெக்டர் தம்பியின் தோளில் கையை வைத்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பரிதாபம் இருந்தது.

"மேடம், ஒண்ணு சொல்லட்டுமா? என்கிட்ட ஆதாரம்னு ஒரு துரும்புகூட இல்லை. முக்கால் மணி நேரம் ஃபிளாஸ்க் அனாதையாக் கிடந்திருக்கு. சாவியைத் திருடி யார் வேணும்னாலும் கலந்திருக்கலாம்னுதான் எழுத வேண்டி இருந்திருக்கும். இன்னும் அரை மணி நேரத்துல இவனை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

லேப்டாப்பைத் தட்டிக் காட்டினார்.

"நீங்கதான் கொண்டு வந்து குடுத்தீங்க."

அவளுக்கு லேப்டாப்பை மூடக்கூடக் கை வரவில்லை.

தம்பி கதவு வரை போய் நின்றான். திரும்பினான்.

"அக்கா... கட்டுரை லிஸ்ட்ல இருக்கும் இல்லே? என்ன நடந்தாலும்?"

லிஸ்ட் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"உயிரோட இருந்தவரை மறைந்தவர்னு போட்ட ஃபாரம் எப்படிடா செல்லும்? உன்னைப் பத்தி எழுதப் போறது மட்டும்தான் வரும். கவலைப்படாதே... சட்டத் துறையில அடுத்த வருஷம் உன் பேர்ல குறைஞ்சது நாலு கட்டுரை!"