வில்லையைச் சுற்றி ஒரு வட்டம்

சனிக்கிழமை மதியம் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும், கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டியின் கதவில் உள்ளங்கையை வைத்தவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். கதவு வெதுவெதுவென்று, காய்ச்சல்காரனின் நெற்றியைப் போல இருந்தது. பெட்டியின் ரீங்காரமும் கனத்துப்போய், காதுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவதுபோல விட்டுவிட்டு வந்தது. முகப்பில் முப்பத்தெட்டு என்று சிவப்பாக எரிந்தது. இந்தச் சோதனைக்கு முப்பத்தைந்தைத் தாண்டவே கூடாது. தாண்டினால், மருந்துக்கு அடங்காத கிருமி அடங்கியதுபோல நடிக்கும். பாழாய்ப்போனதற்கு அவ்வளவு சாமர்த்தியம்.

"யாரு இதை ஏத்தினது?"

பக்கத்து மேசைக்காரி பெருமையாகச் சிரித்தாள். "நான்தான்க்கா, வியாழக்கிழமையே. மாமாவோட ரிசல்ட் சீக்கிரம் வரட்டுமேன்னு கொஞ்சம் சூடு கூட்டி வெச்சேன்."

மாமா என்று அந்தப் பெண் சொன்னது இவளுடைய கணவனை. முழங்கால் அறுவை சிகிச்சைப் புண் சீழ் பிடித்து எதிர் மருத்துவமனையில் கிடக்கிறான். அந்தச் சீழில் வளர்ந்த கிருமியைத் தட்டில் தடவி, நடுவில் மருந்து வில்லையை வைத்தவள் அவளே. நேற்று தட்டை வெளியே எடுத்த அவசரத்தில் பெட்டியின் சூட்டை அவள் கவனிக்கவில்லை; வில்லையைச் சுற்றி ஒரு கிருமிகூட இல்லாமல் பளிச்சென்று வட்டம். வேறு மருந்துக்கு மாறலாமா என்று கேட்ட டாக்டரிடம், "வேண்டாம் டாக்டர், இதுவே நல்லா கேக்குது" என்று குதித்தவளும் அவள்தான்.

அந்தத் தட்டு இன்னும் கழிவுக்குப் போகவில்லை. நேற்றிலிருந்து ஜன்னலோரக் குளிர்ச்சியில் கவிழ்ந்து கிடந்தது. அதை நெருங்கும்போதே ஊறிய வியர்வையின் புளித்த வாடை அடித்தது. காலையில் அவன் முழங்கால் கட்டைப் பிரித்தபோது வந்த அதே வாடை. "நீயே பாத்துச் சொல்லிட்டே, அப்புறம் எனக்கென்ன பயம்?" என்று அவன் கண்ணைச் சிமிட்டியிருந்தான்.

தட்டைத் திருப்பினாள்.

வட்டம் இல்லை.

மஞ்சள் பொட்டுகள். வில்லையின் விளிம்புவரை. வில்லையின் மேலும்.

போன் அடித்தது. மகள்.

"அம்மா, அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சும்மா!" குரலில் அப்படியொரு சந்தோஷம். "இப்பதான் தொட்டுப் பாத்தேன், உடம்பு ஜில்லுனு இருக்கு. நல்லா அசந்து தூங்குறாரு. நானும் எழுப்பி எழுப்பிப் பாக்குறேன், கண்ணே தொறக்க மாட்டேங்குறாரு."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அம்மா? நீயே ஒரு தடவை கூப்பிடேன். போனை அப்பா காதுல வெக்கிறேன்."

மறுமுனை அமைதியானது. மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவள் கையிலிருந்த தட்டில், வில்லையின் நட்டநடுவில், ஈரமாக இன்னொரு பொட்டு மெல்ல மேலெழுந்தது.