வக்கீல் வீட்டு மணி

எங்கள் வீட்டுப் பெண்ணைக் குற்றவாளி என்று சொல்ல அந்த வக்கீலுக்கு எவ்வளவு துணிச்சல்!

வக்கீல் மூன்றாம் மாடியில் இருக்கிறார். நாங்கள் இரண்டாம் மாடி. அன்று காலை எங்கள் வாசலில் நின்று அவர் போட்ட சத்தத்தில், படிக்கட்டில் படுத்திருந்த பூனைகூட எழுந்து ஓடிவிட்டது.

"உங்க வீட்டுத் திருகாணியைக் கூப்பிடுங்க! என் வீட்டு மணி தானா அடிக்குது. போய்க் கதவைத் திறந்தா ஒரு ஆளும் இல்லை. ரெண்டு வாரமா இதே கூத்து!"

திருகாணி என் தம்பி மகள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருகாணியாவது கிடக்கும் என்பதால் அந்தப் பெயர்.

அவளிடம் தீப்பெட்டி அளவில் சில பலகைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் மைக்ரோகன்ட்ரோலர் என்று ஒரு சின்ன மூளை. அதோடு சென்சாரை இணைத்து ஏதாவது செய்துகொண்டே இருப்பாள். செடித்தொட்டியில் மண் காய்ந்தால் சமையலறையில் விளக்கு எரியும். ஃபிரிட்ஜ் கதவு திறந்தே கிடந்தால் 'கீ கீ' என்று கத்தும். நடுவில் கம்பியே கிடையாது. எல்லாம் காற்று வழியாகத்தான் பேசிக்கொள்ளும்.

"நான் அடிக்கலை சார்" என்றாள் திருகாணி.

"குற்றவாளி எவனாவது ஒத்துக்கிட்டிருக்கானா? காத்துல சேதி அனுப்பத் தெரிஞ்சவ இந்தக் கட்டடத்துல நீ ஒருத்திதான். வேற சாட்சி எதுக்கு?"

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது.

"வக்கீல் சார்! எங்க பரம்பரையில யாரும் அடுத்தவங்க வீட்டுக் கதவைத் தட்டிட்டு ஓடினதில்லை. தட்டினா நின்னு பேசிட்டுத்தான் வருவோம்!" என்றேன்.

அவர் கேட்டால்தானே? கட்டடத்தில் ஒரு வாசல் விடாமல் ஏறி இறங்கி, திருகாணிதான் மணி அடிக்கிறாள் என்று சொல்லிவிட்டார். அன்று மாலை அவள் பள்ளியிலிருந்து வந்தபோது, எதிர்வீட்டுப் பையன் "டிங் டாங்! டிங் டாங்!" என்று கிண்டல் செய்தான்.

அது போதாதென்று வீட்டுச் சொந்தக்காரரும் போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தச் சாமானையெல்லாம் கழட்டிடணும். இல்லைன்னா வேற வீடு பாத்துக்குங்க."

என் தம்பி பசு மாதிரி. உடனே ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"விடுங்கண்ணா. எதுக்கு வம்பு? கொஞ்ச நாள் மூட்டை கட்டி வெப்போம்."

"செய்யாத தப்புக்கு மூட்டை கட்டுறதா? கட்டினா ஒத்துக்கிட்ட மாதிரிடா!" என்று நான் மேசையில் குத்தினேன். செடித்தொட்டி விளக்கு பயந்து அணைந்துவிட்டது.

திருகாணி அட்டைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் கலங்கவில்லை.

"நான் அடிக்கலைன்னு சொன்னா மட்டும் போதாது பெரியப்பா. யார் அடிக்கிறாங்கன்னு கண்டுபிடிக்கணும்."

அவள் தன் கருவிகள் எல்லாவற்றிலிருந்தும் பேட்டரிகளைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டாள். கிண்ணத்தோடு நாங்கள் மூன்றாம் மாடிக்குப் போனோம். வக்கீல் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். அவர் காபி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் குடித்திருக்க மாட்டேன்.

சிறிது நேரத்தில் மணி அடித்தது.

டிங் டாங்!

வாசலில் யாரும் இல்லை.

"பாத்தீங்களா? எங்க பேட்டரி எல்லாம் இதோ இருக்கு!" என்றேன்.

"இன்னொண்ணை எங்கேயாவது ஒளிச்சு வெச்சிருப்பா" என்றார் வக்கீல், அசையாமல்.

நான் எழுந்தே விட்டேன். திருகாணி என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள். பிறகு வாசலுக்குப் போய் மணியின் பட்டனை உற்றுப் பார்த்தாள்.

"சார், இதுவும் கம்பி இல்லாத மணிதான். பட்டனை அமுக்கினா அது காத்துல ஒரு நம்பரைச் சொல்லும். உள்ள இருக்கிற மணி அந்த நம்பரைக் கேட்டா அடிக்கும். யார் சொன்னாங்கன்னு அதுக்குத் தெரியாது. இதே மாதிரி மணியை வேற யாராவது வாங்கியிருந்தா? ரெண்டுக்கும் ஒரே நம்பர் இருந்தா?"

"கற்பனையெல்லாம் கோர்ட்ல எடுபடாது பாப்பா" என்று கதவைச் சாத்தினார்.

பாப்பாவாம்! குற்றம் சாட்டும்போது மட்டும் இவள் பெரிய ஆள்.

மறுநாள் திருகாணி ஒரு புதுக் கருவியோடு வந்தாள். ஒரு பலகை, ஒரு சிவப்பு விளக்கு, வால் போல நீண்ட ஒரு ஆன்டெனா கம்பி. வக்கீல் வீட்டு மணி அடித்தபோது காற்றில் வந்த எண்ணை அது பிடித்து வைத்திருந்தது; அதே எண் மறுபடி வந்தால் விளக்கு எரியும். எரிந்தது. ஆனால் எங்கள் வீட்டிலும் எரிந்தது, மொட்டை மாடியிலும் எரிந்தது.

"இதுக்குக் காது ரொம்பக் கூர்மை" என்றாள். "எங்கேயிருந்து வந்தாலும் கேக்குது. கம்பியைக் கழட்டிப் பாதிச் செவிடாக்கிட்டா, பக்கத்துல போனாத்தான் கேக்கும். உங்க இடது காது மாதிரி."

அது என் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

கம்பி இல்லாத கருவியோடு படிக்கட்டில் காத்திருந்தோம். மூன்றாம் மாடியில் மணி அடித்தது. வக்கீல் கதவைத் திறந்து திட்டிவிட்டு மூடினார். எங்கள் விளக்கு எரியவில்லை. மணி விட்டு விட்டு அடிக்க, ஒவ்வொரு மாடியாக இறங்கினோம். இரண்டாம் மாடியிலும் எரியவில்லை. முதல் மாடியில் ஒரு முறை கண் சிமிட்டியது. தரைத் தளத்தில், புதிதாகக் குடிவந்த தையல்காரம்மா வீட்டு வாசலில், பளிச்சென்று எரிந்தது.

"அகப்பட்டாங்க!" என்று நான் குதித்தேன். "இரு, வக்கீலை இழுத்துட்டு வர்றேன்!"

"கொஞ்சம் இருங்க பெரியப்பா." அவள் விளக்கையே பார்த்தாள். அது எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. "விளையாட்டுக்கு அடிக்கிறவங்க இப்படி விடாம அடிக்க மாட்டாங்க. உள்ளே யாரோ யாரையோ கூப்பிடுறாங்க."

அவள் கதவைத் தட்டினாள். உள்ளே தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பலமாகத் தட்டிய பிறகுதான் கதவு திறந்தது.

"சட்டை நாளைக்குத்தான் கிடைக்கும்" என்றார் தையல்காரம்மா.

"அதுக்கு வரலை அக்கா. உங்க வீட்ல கூப்பிடுற மணி ஏதாவது இருக்கா?"

"இருக்கே. எங்க வீட்டுக்காரர் லாரி டிரைவர். கால் முறிஞ்சு உள்ள படுத்திருக்கார். பட்டனை அவர் கையில குடுத்திருக்கேன். ஆனா பாவம், ரெண்டு வாரமா ஒரு தடவைகூட அடிக்கலை. எனக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு நெனக்கிறார். தங்கமான மனுஷன்!"

உள்ளறையிலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"அடிக்கலையா? அடிச்சு அடிச்சு விரலே தேஞ்சு போச்சு!"

நாங்கள் உள்ளே ஓடினோம். கட்டிலில் மாவுக்கட்டுப் போட்ட காலோடு டிரைவர் படுத்திருந்தார். தண்ணீர்ச் சொம்பு எட்டாத தூரத்தில் இருந்தது.

"தண்ணி வேணும்னு அடிச்சேன். தலையணை நகர்ந்துருச்சுன்னு அடிச்சேன். அப்புறம், நீ கேட்டும் வரலைன்னு கோபத்துல அடிச்சேன்!"

"வாயைத் திறந்து கூப்பிடறதுதானே?"

"கூப்பிட்டேன். உன் மிஷின் சத்தத்துல எனக்கே கேக்கலை!"

திருகாணி அதற்குள் சொம்பை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

மணி எங்கே என்று தேடினால், அது அலமாரியில் துணிகளுக்கு நடுவே கிடந்தது. முன்னறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். அது மிஷின் மோட்டாருக்கு வேண்டும்.

"தையல் முடிஞ்சதும் மணியை மாட்டலாம்னு கழட்டி வெச்சேன்" என்று கையைப் பிசைந்தார் தையல்காரம்மா. "தையல் எங்கே முடியுது? மாட்டவே மறந்து போச்சு."

இனி நான் நிற்பேனா? முழங்கால் வலியை மறந்து படியேறினேன். வக்கீலைக் கையோடு அழைத்து வந்தேன். அவசரத்தில் அவர் தன் வீட்டுக் கதவைத் திறந்தே போட்டுவிட்டார்.

"ஆதாரம் எங்கே?" என்றார்.

"அண்ணா, ஒரு தடவை அமுக்குங்க" என்றாள் திருகாணி.

டிரைவர் அமுக்கினார். மேலே, மூன்றாம் மாடியிலிருந்து, 'டிங் டாங்' என்று கேட்டது.

"ஐயோ, அது உங்க வீட்லயா அடிச்சுது? மன்னிச்சுக்குங்க சார்" என்றார் டிரைவர். "நான் தண்ணிதான் கேட்டேன்."

வக்கீலுக்கு முகம் சுண்டிப்போனது. கட்டில் பக்கம் போனார். காலியான சொம்பை எடுத்து, தானே நிரப்பி, எட்டுகிற இடத்தில் வைத்தார்.

திருகாணி பட்டனின் பின்மூடியைத் திறந்தாள். உள்ளே எறும்பு அளவில் சில சுவிட்சுகள். ஊசி முனையால் ஒன்றைத் தள்ளினாள்.

"நம்பரை மாத்திட்டேன். இனிமே சார் வீட்ல அடிக்காது."

தன் கருவிக்கு அந்தப் புது எண்ணைச் சொல்லிக்கொடுத்து, கம்பியையும் திரும்ப மாட்டி, தையல் மிஷினில் ஊசிக்குப் பக்கத்திலேயே ஒட்டினாள்.

"இது பேட்டரியில ஓடும். பிளக் வேண்டாம். அவர் கூப்பிட்டா விளக்கு எரியும். சத்தத்துல காது கேக்கலைன்னாலும் கண்ணுக்குத் தெரியும்ல அக்கா?"

டிரைவர் உடனே அமுக்கிப் பார்த்தார். விளக்கு எரிந்தது.

"வந்துட்டேன், வந்துட்டேன்!" என்றார் தையல்காரம்மா. வீடே சிரித்தது.

வக்கீல் அங்கேயே வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போட்டார். "எதையும் கழட்ட வேண்டாம். தப்பு என் மேல" என்றார். பிறகு, "சரி, விஷயம் முடிஞ்சுது" என்று நழுவப் பார்த்தார்.

"முடியலை சார்" என்றேன். "எத்தனை வாசல்ல எங்க பொண்ணு பேரைச் சொன்னீங்களோ, அத்தனை வாசல்லயும் போய்ச் சொல்லணும்."

"எல்லா மாடியும் ஏறணுமா?"

"முன்னாடி ஏறினப்போ கால் வலிச்சுதா?"

திருகாணி அவர் முகத்தைப் பார்த்தாள். "நானும் கூட வர்றேன் சார். தனியாப் போறதுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு செய்தவருக்குத் துணை வேறா? ஆனால் அவள் ஏற்கனவே அவரோடு படியேற ஆரம்பித்துவிட்டாள்.

நான் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வீட்டு மணியாக அடிப்பது கேட்டது. ஒவ்வொரு வாசலிலும் வக்கீலின் குரல் முதலில் தயங்கியது, பிறகு தெளிவாக ஒலித்தது. எதிர்வீட்டில் அந்தப் பையனின் அம்மா அவனைக் கூப்பிட்டு, "கேட்டுக்கோ!" என்று அதட்டியதும் கேட்டது.

கடைசியாக எங்கள் வீட்டு மணி அடித்தது. தம்பி திறக்க ஓடினான். நான் அவனைத் தடுத்தேன். சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து நடந்துபோய், நானே கதவைத் திறந்தேன்.